கடலூர், புதுவைப் பக்கம் வீடு கட்டித் தருகிறவர்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப் உண்மையில் வேலை கொண்டு வருகிறதா?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் சிறிய அளவில் கட்டுமானத் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் தனி வீடுகள். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், நெல்லிக்குப்பம், சில சமயம் பண்ருட்டி வரை போவோம்.

நம் தொழிலில் வேலை எப்படி வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம் நடக்கும். சாப்பிட வந்த உறவினர் ஒருவர் மாடிப்படிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் கட்டினது?" என்று கேட்பார். அடுத்த வேலை அங்கிருந்து கிளம்பும். இது இன்றும் மாறவில்லை. ஆனால் நடுவில் ஒரு படி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்த உறவினர் ராத்திரி வீட்டுக்குப் போய் நம் பெயரைப் போனில் தேடுகிறார். அங்கே ஒன்றுமே இல்லை என்றால், கேட்டு வைத்த நல்ல வார்த்தை பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால் ஆன்லைனில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். எதைக் காட்டுவது என்பதுதான் மிச்சம்.

நம் பக்கத்துப் பக்கங்களைப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கின்றன. கேரளாவில் யாரோ கட்டிய வீட்டின் எலிவேஷன் (முகப்பு) படம், மேலே சதுர அடி விலை, பின்னால் சினிமாப் பாட்டு. அவரவர் கட்டிய வீடு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

என் கட்சி இது. வீட்டில் முக்கியமானது எல்லாம் மூடப்பட்டுவிடும். அஸ்திவாரக் குழியை மண் மூடும், கம்பியைக் கான்கிரீட் மூடும், தண்ணீர்க் குழாயைப் பூச்சு மூடும். கடைசியில் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது பெயிண்டும் டைல்ஸும்தான். மூடுவதற்கு முன்னால் காட்டுவதற்கு இதைவிட எளிய வழி நம் தொழிலுக்கு இதுவரை கிடைத்ததில்லை. குறிப்பாக நம் ஊர் கடலோரம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி கடல் காற்று நேராகப் படும் கான்கிரீட் 'கடுமையான சூழல்' என்ற வகையில் வரும். அதற்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமுள்ள கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம். தேவனாம்பட்டினம் பக்கம் பில்லர் வெடித்துக் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கவர் பிளாக் (அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அண்டை கொடுக்கும் சின்னக் கட்டை) வைத்து டேப்பைப் பிடித்து அளந்து காட்டும் அரை நிமிட வீடியோ, பத்து எலிவேஷன் படத்துக்கு மேல் என்பது என் நம்பிக்கை. நாங்கள் அப்படித்தான் போட்டு வருகிறோம். பார்வைகள் குறைவு. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவர்கள் பேசும் விதமே வேறு.

மற்றவர்கள் அனுபவம் என்ன? விளம்பரத்துக்குப் பணம் போடுகிறவர்களும் சொல்லுங்கள்.

வில்லியனூர் டிஜிட்டல் (புதுச்சேரி)

கெடிலக்கரை அண்ணா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். இங்கே சில பில்டர்களுக்கு விளம்பர வேலை செய்து கொடுக்கிறேன், அதனால் மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு ஏற்கெனவே பத்து வீட்டுக்காரர்கள் பேர் சொல்ல இருக்கிறார்கள். நேற்று தொழில் தொடங்கிய பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் கவர் பிளாக் வீடியோ போட்டால் அவன் கல்லூரி நண்பர்கள் லைக் போடுவார்கள். அவர்களில் யாரும் இப்போது வீடு கட்டப் போவதில்லை. அவனுக்குப் பணம் கொடுத்துப் போடும் விளம்பரம் தேவை. அதில் இப்போது நன்றாக வேலை செய்வது, தொட்டால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் விளம்பரம். நம் மக்கள் படிவம் நிரப்ப மாட்டார்கள், மின்னஞ்சல் அனுப்ப மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் "ரேட் என்ன சார்" என்று ஒரு வரி போடுவார்கள்.

அந்த ஒரு வரிக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் தொழில் நிற்கிறது. ரேட்டை அனுப்பிவிட்டால் அவர் அதே ரேட்டை இன்னும் நான்கு பேரிடம் காட்டிவிட்டுப் போய்விடுவார். நான் சொல்லிக் கொடுப்பது: திருப்பிக் கேளுங்கள். மனை எந்த ஊரில்? பட்டா யார் பெயரில்? வரைபட அனுமதி வாங்கியாகிவிட்டதா? எப்போது பூமி பூஜை? இந்த நான்குக்கும் பதில் சொல்கிறவர் வீடு கட்டப் போகிறவர். சொல்லாதவரும் ஒருநாள் கட்டலாம், அவரிடமும் மரியாதையாகப் பேசி எண்ணைச் சேமித்து வையுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதனால் முதல் பேச்சிலேயே "என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், உங்கள் மனைக்குப் பக்கத்தில் வேலை நடந்தால் படம் அனுப்புகிறேன்" என்று சொல்ல வேண்டும்.

நேரமும் முக்கியம். வாஸ்து நாட்கள் வருடத்தில் 8 மாதங்களில்தான் வருகின்றன. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் கிடையாது. அந்தந்த வாஸ்து நாளுக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்னாலேயே ஆட்கள் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். விளம்பரப் பணத்தை அந்த வாரங்களில் போடுங்கள். ஐப்பசி அடைமழையில் போட்டு வீணாக்காதீர்கள்.

பலாத்தோப்பு (பண்ருட்டி / சிங்கப்பூர்)

நான் பில்டர் இல்லை, வீட்டுக்காரன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு பண்ருட்டியில் வீடு கட்டியவன். உங்கள் வாடிக்கையாளர் உண்மையில் என்ன பார்க்கிறார் என்று இந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில், வில்லியனூர் தம்பிக்கு ஒரு வார்த்தை. கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டினால் என்னைப் போன்றவர்கள் கண்ணில் படவே மாட்டீர்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் எத்தனையோ வீட்டுக்குப் பணம் வெளிநாட்டில் இருந்து வருகிறது. துபாய், மஸ்கட், சிங்கப்பூர், மலேசியா என்று உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போனைப் பார்க்கும் நேரத்தில் உங்கள் வேலை தெரிய வேண்டும்.

நான் பில்டரைத் தேடியபோது என் மச்சான் மூன்று பேர் பெயர் கொடுத்தார். மூவரின் பக்கத்தையும் முதலில் இருந்து கடைசி வரை பார்த்தேன். ஒருவர் பக்கத்தில் டிரோன் வீடியோவும் பாட்டும். இன்னொருவர் பக்கத்தில் பண்டிகை வாழ்த்து மட்டும், தீபாவளி, பொங்கல், குடியரசு தினம். மூன்றாமவர் பக்கத்தில் ஒரே வீட்டின் படங்கள் அஸ்திவாரத்தில் இருந்து நிலைவாசல், லிண்டல், ரூஃப் வரை வரிசையாக இருந்தன. படம் சுமார்தான், சிலது கோணல். ஆனால் ஒரு வீடு நடுவில் நிற்காமல் முடிந்திருக்கிறது என்று தெரிந்தது. தூரத்தில் இருக்கிறவனுக்கு இருக்கும் பெரிய பயம் அதுதான். பணத்தை வாங்கிக்கொண்டு பேஸ்மென்ட்டோடு விட்டுவிட்டுப் போன கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அவரைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவர் தன் பழைய வாடிக்கையாளர் வீடு ஒன்றுக்குப் போய், தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, பேஸ்மென்ட் எவ்வளவு உயரம் வைத்திருந்தார் என்று படத்தோடு எழுதியிருந்தார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் வந்து தென்பெண்ணை கரை மீறியபோதும் அதையே செய்தார். கட்டி முடித்துச் சாவி கொடுத்த வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்க்கிற ஆள் என்று அதில் தெரிந்தது. உங்கள் விளம்பரம் எதுவும் இதைச் சொல்லிவிட முடியாது.

வேலை நடந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. எடிட் செய்யாத வீடியோ. பாட்டு வேண்டாம், வேகமாக ஓட்ட வேண்டாம். கம்பி கட்டியதும் ஒரு முறை மெதுவாகச் சுற்றி நடந்து காட்டுங்கள், அவ்வளவுதான். அதை நான் இங்கே ஒரு தெரிந்த இன்ஜினியரிடம் காட்டுவேன். அவர் சரி என்றால் கான்கிரீட்டுக்குப் பணம் அனுப்புவேன்.

டிப்ளமா சிவில் (விருத்தாசலம்)

பலாத்தோப்பு அண்ணன் எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நான் இப்போதுதான் லேபர் கான்ட்ராக்டில் (பொருள் வீட்டுக்காரருடையது, வேலை மட்டும் நம்முடையது) இரண்டு வீடு எடுத்திருக்கிறேன். யூடியூப் சேனல் தொடங்கலாமா? சிலர் லட்சக்கணக்கில் பார்வை வாங்குகிறார்கள்.

கெடிலக்கரை

தம்பி, யூடியூபில் "பில்லருக்கு எத்தனை கம்பி" என்று வீடியோ போட்டால் திருநெல்வேலியில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் பார்ப்பார்கள். நல்ல விஷயம்தான், நாலு பேருக்குப் பயன்படும். ஆனால் நீ விருத்தாசலத்தில் இருந்து எத்தனை கிலோமீட்டர் போய் வேலை பார்க்க முடியும்? நாற்பது? ஐம்பது? ஆளும் சென்ட்ரிங் சாமானும் (கான்கிரீட் வார்க்க முட்டுக் கொடுக்கும் பலகை, கால்கள்) அதற்கு மேல் போனால் கட்டுப்படியாகாது. பார்வை எண்ணிக்கையை விட்டுவிடு. உன் ஐம்பது கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதி வை. எங்கிருந்து நம் பெயர் தெரிந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேள்.

சேனலை விட முதலில் கூகுள் மேப்பில் உன் தொழிலைப் பதிவு செய். செலவு இல்லை. "பில்டர் விருத்தாசலம்" என்று தேடுகிறவர் ஏற்கெனவே கட்டத் தயாராக இருப்பவர். இரண்டு வீடு முடித்தால் இரண்டு வீட்டுக்காரரிடமும் அவர்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதச் சொல். பணமோ தள்ளுபடியோ கொடுத்து எழுத வைக்காதே. கூகுள் அதை அனுமதிப்பதில்லை. அதைவிட, படிக்கிறவர்களுக்கே அது தெரிந்துவிடும்.

கொத்தனார் மகன் (நெல்லிக்குப்பம்)

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் போடும் வீடியோக்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? என் அப்பா முப்பது வருடத்துக்கு மேலாக மேஸ்திரி. அவர் பூசிய சுவரை ரசமட்டம் வைத்துக் காட்டும் வீடியோவை ஒரு நிறுவனம் போட்டிருந்தது. லெவல் சுத்தமாக இருக்கிறது என்று கமெண்டில் பாராட்டு. அப்பாவின் கை மட்டும் தெரிகிறது. பெயர் எங்கேயும் இல்லை. அவருக்கு அந்த வீடியோ இருப்பதே என் மூலமாகத்தான் தெரியும்.

வேலையைச் செய்தவர் பெயரைப் போடுவதால் உங்கள் வியாபாரம் குறையாது. ஊரில் நல்ல மேஸ்திரி யார், யாரிடம் இருக்கிறார் என்று வீட்டுக்காரர்கள் விசாரித்துத்தான் வேலை கொடுக்கிறார்கள். "சென்ட்ரிங் இன்னார், கம்பி இன்னார், பூச்சு இன்னார்" என்று ஒரு வரி போடுங்கள். அவர்கள் விரும்பினால் மட்டும்.

இன்னொன்றும் பார்க்கிறேன். மூன்றாவது மாடி சாரத்தில் ஹெல்மெட் இல்லாமல், இடுப்பில் கயிறு இல்லாமல் ஆள் நிற்கிறார். அதையே பின்னணி இசையோடு பெருமையாகப் போடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எங்கள் வீட்டில் அம்மா முகம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? படம் எடுக்கிறதற்கு முன் ஹெல்மெட் கொடுங்கள். படத்துக்காகக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கெடிலக்கரை

நூற்றுக்கு நூறு சரி. பெயர் போடுவதை நாளை முதலே செய்கிறோம். இதைச் சொன்னதற்கு நன்றி தம்பி, அப்பாவுக்கு என் வணக்கம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவும் புதுப்பிப்பும் பற்றி நிறுவனப் பக்கங்களிலேயே எழுதலாம். அதைப் படிக்கும் மேஸ்திரிகள் நம்மிடம் வேலைக்கு வரவும் விரும்புவார்கள். நல்ல ஆள் கிடைப்பதுதான் இன்று வாடிக்கையாளர் கிடைப்பதை விடக் கஷ்டம்.

சுண்ணாம்புச் சுவர் (புதுச்சேரி)

கட்டடக்கலைஞர் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது, எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கட்டடக்கலை கவுன்சிலின் 1989 நடத்தை விதிகள் ஆர்க்கிடெக்ட் தன் சேவையை விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன. சில விலக்குகள் உண்டு. கட்டும் இடத்தில் பெயர்ப் பலகை வைக்கலாம், அதிலும் எழுத்தின் உயரம் 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதனால் பில்டரோடு சேர்ந்து வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட் பெயரை "எங்கள் பிரபல ஆர்க்கிடெக்ட்" என்று பணம் கொடுத்துப் போடும் விளம்பரத்தில் சேர்க்காதீர்கள். அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேலையைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் வேறு, ஆள் பிடிக்க விளம்பரம் போடுவது வேறு.

இரண்டாவது, கெடிலக்கரையின் 'மூடுவதற்கு முன் காட்டு' என்ற வாதம் பழைய வீடுகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். நாங்கள் பிரெஞ்சுத் தெருக்களிலும் தமிழர் பகுதித் தெருக்களிலும் பழைய வீடுகளைச் சீரமைக்கிறோம். மெட்ராஸ் டெரஸ் கூரை பற்றி நான் வாயால் ஒரு மணி நேரம் சொன்னாலும் வீட்டுக்காரருக்குப் புரியாது. தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குவாட்டில் செங்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், அதன் மேல் சுண்ணாம்புக் கலவை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவது. இதை வீடியோவாகப் போட்டபோதுதான் "இதை இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று இருந்தோம், கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா" என்று ஒரு குடும்பம் அழைத்தது.

புதுவைக்கு இது சும்மா அழகுக்கான விஷயம் இல்லை. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம்) விழுந்ததை ஊரே பார்த்தது. பராமரிப்பு இல்லாமல் விட்டால் எதுவும் விழும். பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் தனியார் வீடுகள் எத்தனையோ சத்தமில்லாமல் போய்விட்டன. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன என்பதை ஊருக்குக் காட்ட இன்ஸ்டாகிராம் எங்களுக்கு உதவுகிறது. இந்த வேலைக்குச் சென்னை, பெங்களூரில் இருந்து வீடு வாங்குகிறவர்கள் வருகிறார்கள், அவர்கள் அங்கேதான் பார்க்கிறார்கள். உங்கள் கடலூர்த் தனி வீட்டுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும். ஆள் மாறினால் இடமும் மாறும்.

சிப்காட் ஷெட் (கடலூர்)

நாங்கள் இரும்பு ஷெட், தொழிற்சாலை சிவில் வேலை செய்கிறவர்கள். எங்களுக்கு இன்ஸ்டா, ஃபேஸ்புக் இரண்டாலும் பெரிதாகப் பயன் இல்லை. எங்களுக்கு வேலை கொடுக்கிறவர் ஒரு பிளான்ட்டின் புராஜெக்ட் இன்ஜினியரோ பர்ச்சேஸ் மேனேஜரோ. அவர் லிங்க்ட்இன்னில் இருக்கிறார். அங்கே "எத்தனை டன் ஸ்டீல், எத்தனை மீட்டர் ஸ்பான், பிளான்ட்டை நிறுத்தாமல் எப்படிச் செய்தோம்" என்று பத்து வரி எழுதினால் படிக்கிறார். ஆனால் படம் போடுவதற்கு முன் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ரசாயன ஆலைக்குள் போன் கொண்டு போகவே விடமாட்டார்கள்.

அரசு வேலைக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. டெண்டர், பதிவு வகுப்பு, முன் அனுபவச் சான்று, அவ்வளவுதான்.

பட்டா சிட்டா (கடலூர்)

பத்திரம், மனைப்பிரிவு அனுமதி வேலை பார்க்கிறவன். இங்கே யாரும் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் ஆணையமும் பற்றிப் பேசவில்லையே.

மனைக்காரர் இடத்தில் அவருக்காக வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டருக்கு இது பெரிதாகப் பொருந்தாது. ஆனால் அவர்களே அடுத்த கட்டத்தில் நிலம் வாங்கி மனை போட்டோ, வீடு கட்டியோ விற்கத் தொடங்குகிறார்கள். அங்கேதான் சிக்கல். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு தேவைப்படும் திட்டத்தைப் பதிவு எண் வாங்காமல் விற்பது மட்டும் குற்றம் இல்லை, விளம்பரம் செய்வதே கூடாது. சட்டத்தில் விளம்பரம் என்பதற்கு எந்த ஊடகம் வழியாக வந்தாலும் விளம்பரம்தான் என்று விளக்கம் இருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதில் சேரும். 24 மணி நேரத்தில் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். பதிவு செய்யாததற்கு அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம்.

பதிவு வாங்கிய பிறகும் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். "பத்து நிமிடத்தில் பஸ் ஸ்டாண்ட்", "நீச்சல் குளம் வருகிறது" என்று போட்டதை நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டால் அதற்கு ஈடு கேட்கலாம், பணத்தை வட்டியோடு திரும்பவும் கேட்கலாம். ரீல்ஸில் வாய்க்கு வந்ததைச் சொல்லும் பையன்களிடம் பேசக் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

நல்ல விஷயமும் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. இதைப் பற்றி மக்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எந்த மனைக்குப் பொருந்தும், என்ன ஆவணம் வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் ஒரு பில்டர் எளிமையாகச் சொன்னால் ஆட்கள் நிச்சயம் தேடி வருவார்கள். புதுச்சேரிக்கு விதிகள் தனி, இதை அங்கே கலந்துவிடாதீர்கள்.

வில்லியனூர் டிஜிட்டல்

இதை என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன். சதுர அடி விலை விளம்பரம் பற்றியும் யாராவது எழுதுங்கள், எனக்கு அதில்தான் தினமும் சண்டை.

கெடிலக்கரை

நானே எழுதுகிறேன், இது பற்றி எனக்குக் கோபமே உண்டு.

விளம்பரத்தில் ஒரு குறைந்த விலை போடுகிறார்கள். அதில் என்ன இல்லை என்று போடுவதில்லை. காம்பவுண்ட் சுவர் இல்லை. சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இல்லை, செப்டிக் டேங்க் இல்லை. மின் இணைப்புக் கட்டணம் இல்லை. மனை பள்ளமாக இருந்தால் மண் நிரப்பும் செலவு இல்லை. நம் ஊரில் அது சின்னத் தொகையா? போர் போட்டு உப்புத் தண்ணீர் வந்தால் லாரித் தண்ணீர் வாங்குவது யார் என்று பேசியிருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் பேங்க் கடன் அந்த விலையை வைத்துத்தான் போட்டிருப்பார். ரூஃப் போட்டதும் பணம் தீர்ந்துவிடும். அப்போது ஒவ்வொன்றாக 'எக்ஸ்ட்ரா' என்று வரும். அந்தக் குடும்பம் நகை அடகு வைத்துப் பூச்சு வேலை முடிக்கிறது. நான் இப்படிப் பாதியில் நின்ற வேலையை எடுத்து முடித்துக் கொடுத்திருக்கிறேன், அந்த வீட்டு அம்மா அழுததையும் பார்த்திருக்கிறேன்.

விலை போடுங்கள், தப்பில்லை. கூடவே எந்த சிமென்ட், எந்த கிரேடு கம்பி, சுவர் எத்தனை அங்குலம், டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம், எது சேரவில்லை என்பதையும் அதே படத்தில் போடுங்கள். நீளமாக இருந்தால் இருக்கட்டும். வீடு கட்டப் போகிறவர் படிப்பார்.

தண்ணீர் பற்றிச் சொன்னேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அதே ஐஎஸ் 456 சொல்கிறது. நாங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, வந்த அறிக்கையை வீட்டுக்காரர் பெயரை மறைத்து அப்படியே போடுகிறோம். அளவு தாண்டியிருந்தாலும் போடுகிறோம், லாரித் தண்ணீர் வாங்கியதையும் போடுகிறோம். கடலூர் முதுநகர்ப் பக்கம் இருந்து அதைப் பார்த்துவிட்டு வந்த வேலைகள் உண்டு, ஏனென்றால் உப்புத் தண்ணீரின் கதை அங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

தேவனாம்பட்டினம் (கடலூர்)

நான் வீட்டுக்காரி. நீங்கள் எல்லோரும் படம் போடுவது பற்றியே பேசுகிறீர்கள், வீட்டுக்காரரைக் கேட்டீர்களா? எங்கள் வீடு பாதி கட்டும்போதே பில்டர் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். தெருப் பெயர், பக்கத்துக் கடை எல்லாம் தெரிகிறது. உள்ளே படுக்கையறை எங்கே, பின்வாசல் எங்கே என்று வரைபடமும் போட்டிருந்தார். என் கணவர் கப்பல் வேலை, வருடத்தில் பாதி நாள் நானும் என் மாமியாரும் மட்டும்தான். அந்த வரைபடத்தை நான்கு ஊருக்குக் காட்ட வேண்டுமா?

என் மாமியாருக்குக் கண் திருஷ்டி பயம். வீட்டு வாசலில் பூசணிக்காயும் பொம்மையும் கட்டித் தொங்கவிடுவது எதற்கு? அவர் நம்பிக்கை அவருக்கு. கிரகப்பிரவேசம் முடியட்டும், அப்புறம் போடுங்கள் என்று சொல்லியிருந்தால் நாங்களே நல்ல படம் எடுத்துக் கொடுத்திருப்போம். கேட்காமல் போட்டதால் இன்றைக்கும் அந்த பில்டர் பெயரை யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்.

பலாத்தோப்பு

அக்கா சொல்வது மிக முக்கியம். நான் கேட்ட வீடியோ எனக்கு மட்டும் வந்தது, ஊருக்குப் போகவில்லை. இரண்டையும் பில்டர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் காட்டுங்கள். ஊருக்கு, அவர் சரி என்றதை மட்டும்.

சுண்ணாம்புச் சுவர்

நாங்கள் ஒப்பந்தத்தோடு ஒரு சம்மதத் தாள் வாங்குகிறோம். தமிழில், நான்கு வரியில். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"எங்கள் வீட்டு வேலையின் படங்களையும் வீடியோக்களையும் நிறுவனம் தன் பக்கங்களில் வெளியிடச் சம்மதிக்கிறேன். கதவு எண், தெருப் பெயர், குடும்பத்தினர் முகம், உள் வரைபடம் ஆகியவை வராது. வீட்டின் முகப்பை வேலை நடக்கும்போதே வெளியிடலாம் / குடிபுகுந்த பிறகு மட்டும் வெளியிடலாம் / வெளியிட வேண்டாம். நான் எப்போது கேட்டாலும் நீக்கப்படும்."

மூன்றில் ஒன்றை அவர்களே டிக் செய்வார்கள். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

டிப்ளமா சிவில்

வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன காட்டுவது? என்னிடம் இருப்பதே இரண்டு வேலை.

கெடிலக்கரை

கம்பி, கவர் பிளாக், தண்ணீர் அறிக்கை, க்யூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது). இதில் எதற்கும் வீடு யாருடையது என்று தெரிய வேண்டியதில்லை தம்பி. நெருக்கமாக வைத்து எடு. அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடு. அனேகமாக யாரும் மறுப்பதில்லை.

கொத்தனார் மகன்

அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்க்கலாமா? "படத்தில் வரும் தொழிலாளர்களிடம் தனியே சம்மதம் கேட்கப்படும், அவர்கள் விரும்பினால் பெயர் குறிப்பிடப்படும்" என்று.

சுண்ணாம்புச் சுவர்

சேர்த்துவிட்டேன். எங்கள் தாளிலும் இன்றே மாற்றுகிறோம். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்க வேண்டும், அதை மேஸ்திரி முன்னால் செய்தால் நல்லது.

வில்லியனூர் டிஜிட்டல்

இதன் ஒரு பிரதியை வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அமைப்புகளில் வணிகக் கருவிகளுக்குள் இருக்கிறது. டிப்ளமா தம்பி, சிக்கல் வந்தால் இங்கேயே கேள்.